கடனை முந்தி முடிப்பதா? எந்தக் கடன் என்று முதலில் பாருங்கள்

கடனைத் தவணைக்கு முன்பே அடைத்துவிடுவது வியாபாரிக்கு அழகு என்றுதான் நமது வாப்பாமார் சொல்லித் தந்தார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எல்லாக் கடனுக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் வங்குரோத்துச் சட்டத்தின் கீழ் தவணை கட்டிக்கொண்டு, கூடவே படிப்புக் கடனையும் சுமப்பவர்களுக்கு அவசரம் சில வேளை நஷ்டத்தில் முடியும்.

அமெரிக்கக் கதை யட்டவத்தைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே மிளகு, கராம்புக் காணி வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். மகன் அங்கே கடன் வாங்கிப் படித்தவர். பிறகு வேலை போய், கடனட்டைக் கடனும் ஏறி, நீதிமன்றத்தில் மனுப் போட்டு மாதத் தவணை கட்டுகிறார். "தம்பி, காணியில ஒரு துண்ட வித்து அனுப்பினா ஒரேயடியா முடிச்சிடலாம் என்டு மகன் சொல்றான். வித்துரவா?" என்று கேட்டார். பொறுங்கள் நானா, முதலில் கணக்குப் பார்ப்போம் என்றேன். காய்க்கும் மிளகுக் கொடியை விற்றால் திரும்ப வாங்குவது லேசான காரியமா?

அந்த நாட்டு வங்குரோத்துச் சட்டத்தின் 13ஆம் அத்தியாயம் சம்பளக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும் உரியது. வருமானத்தைப் பொறுத்து 3 முதல் 5 வருடம் வரை அதற்கென நியமிக்கப்படும் பொறுப்பாளரிடம் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அவர் அதைக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். தவணை முடிந்ததும் கடனட்டைக் கடன் போன்றவற்றில் மிச்சமிருப்பதை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிடும். படிப்புக் கடன் சாதாரணமாகத் தள்ளுபடியாகாது. 1976இல் போடத் தொடங்கிய கட்டுப்பாடு இறுகி இறுகி, 2005இல் தனியார் படிப்புக் கடனையும் பிடித்துக்கொண்டது. தவணை கட்டும் காலத்திலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். கடனட்டைக்கு 30,000 டொலர், படிப்புக்கு 40,000 டொலர், மொத்தம் 70,000. மாதம் 350 டொலர் வீதம் 60 மாதம் கட்டினால் 21,000. அதாவது நூற்றுக்கு 30. இதில் கடனட்டைக்கு 9,000, படிப்புக் கடனுக்கு 12,000 போகும். முடிவில் கடனட்டையின் மீதி 21,000 தள்ளுபடி. படிப்புக் கடனில் 28,000உம் வட்டியும் நிற்கும்.

இப்போது முந்தி முடிக்க வேண்டுமென்றால், மீதமுள்ள தவணைகளை மட்டும் மொத்தமாகக் கட்டிவிட்டு வெளியேற முடியாது. பொறுப்பாளரோ கடன்காரரோ ஆட்சேபித்தால், பெரும்பாலான நீதிமன்றங்கள் நூற்றுக்கு நூறும் கட்டினால்தான் விடும். கையில் பெருந்தொகை வந்திருப்பது தெரிந்தால் தவணையைக் கூட்டச் சொல்லவும் அவர்களுக்கு வழியுண்டு. ஆக, சட்டம் தள்ளிவிட இருந்த 21,000 டொலரையும் காணி விற்ற காசில் கட்ட வேண்டும். இவ்வளவும் கட்டிய பிறகும் படிப்புக் கடனில் ஏறிய வட்டி நிற்கும். பொறுப்பாளர் கைவழியாகப் போகும் பணத்தில் நூற்றுக்கு 10 வரை அவரது கட்டணமாகப் பிடிக்கலாம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

ஆரம்பத்திலேயே நூற்றுக்கு நூறு கட்டுவதாகத் திட்டம் போட்டவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர் தாராளமாக முந்தி முடிக்கலாம். ஆனால் அவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியார் படிப்புக் கடனுக்கு மாமாவோ மச்சானோ பிணை நின்றிருந்தால், வழக்கு நடக்கும் வரை பிணையாளியையும் சட்டம் பாதுகாக்கும். வழக்கு மூடியவுடன் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். பிணை நின்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துவிட்டால் கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது.

படிப்புக் கடனின் வட்டியிலிருந்து தப்பியவரும் உண்டு. பிரான்சிஸ்கோ எஸ்பினோசா என்பவர் 1992இல் மனுக் கொடுத்து, 13,250 டொலர் முதலை மட்டும் கட்டுகிறேன், வட்டியைத் தள்ளுங்கள் என்று திட்டம் வைத்தார். கடன் தரப்புக்கு அறிவித்தல் போனது, அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. 1997இல் தவணை முடிந்தது. 2000ஆம் ஆண்டில் வட்டியை அறவிடும் முயற்சி தொடங்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 மார்ச் 23ஆம் திகதி நீதியரசர்கள் ஏகமனதாக எஸ்பினோசாவின் பக்கம் தீர்த்தார்கள். ஆனால் தாங்க முடியாத கஷ்டத்தை நிரூபிக்காமல் அப்படியொரு திட்டத்தை அங்கீகரித்தது கீழ் நீதிமன்றத்தின் பிழை என்றும் சொன்னார்கள். ஆகவே இதை எல்லோருக்கும் திறந்த வாசல் என்று நினைக்கக் கூடாது. கஷ்டத்தை நிரூபிக்கத் தனி வழக்குப் போட வேண்டும். அரச படிப்புக் கடன் விடயத்தில் அதைச் சற்று இலகுபடுத்தி 2022 நவம்பரில் அந்நாட்டு நீதித் திணைக்களம் வழிகாட்டல் வெளியிட்டது.

இனி நமக்குரிய கேள்வி. சட்டம் தள்ளினாலும் அல்லாஹ்விடம் கடன் நிற்காதா? உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விடயம் இது. வியாபாரியாக நான் ஒன்று சொல்வேன். கடனட்டைப் பாக்கியில் பொருள் வாங்கிய முதல் எவ்வளவு, ஏற்றிய வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தள்ளுபடியான கடனை ஒருவர் பிறகு விரும்பிக் கட்டுவதை அமெரிக்கச் சட்டம் தடுப்பதில்லை. எனவே முதலில் தவணையை அதன் காலத்தில் முடித்து, அடுத்ததாகப் படிப்புக் கடனைக் குறைத்துப் பிணையாளியைக் காப்பாற்றி, அதன் பின் முதலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்க்கலாம். அப்படிச் செய்தால் வட்டிக்காகக் காணி போகாது.

நமது நாட்டில் தனிநபர் வங்குரோத்துக்கு இருப்பது 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். 13ஆம் அத்தியாயம் போன்ற வழி இங்கு கடைக்காரருக்குப் பழக்கமில்லை. வங்கியோடு பேசித் தவணையை மாற்றி எழுதுவதுதான் நடைமுறை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வழக்கில்லாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரமுண்டு. 'பராட்டே' என்று நாம் சொல்வது அதைத்தான். ஆகவே ஈட்டுக் கடன் முந்தி நிற்கட்டும். 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடனில் பிள்ளை படித்திருந்தால் அதைத் தவணைப்படியே கட்டுங்கள். கையில் சேரும் காசை அதில் முன்கூட்டிக் கொட்டிவிட்டுக் கடையின் வங்கி மேலதிகப் பற்றுக்கு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் இன்று இரவே இரண்டு கடன்களின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.