முற்பணம் கொடுக்க முன் அத்திவாரத்தைப் பாருங்கள்

கடைக்கு அரிசி வாங்கினால் மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்துப் பார்த்தே வாங்குகிறோம். ஆனால் பல வருட உழைப்பைக் கொட்டி வீடொன்றையோ கடையொன்றையோ வாங்கும்போது உறுதியையும் புதிய பெயின்டையும் பார்த்துவிட்டு முற்பணத்தைக் கொடுத்து விடுகிறோம். உறுதியை நொத்தாரிசு பார்க்கிறார். கட்டடத்தை யார் பார்ப்பது?

அமெரிக்காவில் இதற்கென்றே வீட்டுப் பரிசோதகர்கள் இருக்கின்றனர். அவர்களது சங்கம் 1976ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. அத்திவாரம், தளம், சுவர், சீலிங், கூரை ஆகியவற்றின் அமைப்பைப் பார்த்து எழுத்தில் அறிக்கை கொடுப்பது அவர்களது வேலை. நமது நாட்டில் அந்த வழக்கம் பரவவில்லை. ஆகவே வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்ததையும், 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸில் பழைய கட்டடமொன்று சரிந்து உயிர்கள் போனதையும் மறந்துவிடக் கூடாது.

அத்திவாரம் மண்ணுக்குள் இருப்பதால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் குறையைச் சுவர் சொல்லிவிடும். பூச்சில் தலைமயிர் போல ஓடும் வெடிப்புகளுக்குப் பயப்படத் தேவையில்லை. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சரிவாகவோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு போலவோ ஏறும் வெடிப்புகள் கட்டடத்தின் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தால் பொறியியலாளரைக் காட்டாமல் விலை பேச வேண்டாம். கதவுகள் நிலையில் இறுகினாலும், தரையில் வைத்த கோலி உருண்டை தானாக ஒரு பக்கம் ஓடினாலும் விசாரியுங்கள்.

அடுத்தது தூண், பீம், சிலெப். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் அது பருத்து, கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். சிலெப்பின் அடியில் கபில நிறக் கறையோ, பெயர்ந்து விழுந்த இடமோ, கம்பியின் நீளத்துக்கு ஓடும் வெடிப்போ இருந்தால் அதுதான் காரணம். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது விரைவாக நடக்கும். கழுவாத கடல் மணலில் கட்டியிருந்தால் இன்னும் மோசம். குளியலறைக்குக் கீழேயுள்ள சிலெப்பைக் கட்டாயம் பாருங்கள். பைப் போடுவதற்காகப் பீமை வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பழைய வீடுகளில் தூண் இருக்காது. செங்கல் அல்லது கபுக்கல் சுவரே முழுப் பாரத்தையும் தாங்கும். அப்படியான வீட்டை வாங்கி, முன் சுவரை உடைத்துக் கடையாக மாற்ற நினைப்பவர்கள் பலர். பாரம் தாங்கும் சுவரைப் பீம் போடாமல் உடைப்பது ஆபத்து. கூரையில் கைமரங்களின் நுனியை, முக்கியமாகச் சுவரில் பதியும் இடத்தை, ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி இலகுவாக இறங்கினால் கறையானோ உக்கலோ இருக்கிறது.

நமது வியாபாரிகள் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். "மேலே இன்னும் இரண்டு மாடி போடலாம்" என்று தரகர் சொல்வார். அந்த வார்த்தைக்காகவே பல இலட்சம் கூட்டிக் கொடுக்கிறோம். கம்பி நீட்டியிருப்பது அத்திவாரம் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். எத்தனை மாடிக்கு அனுமதி, தூணும் அத்திவாரமும் எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டவை, பாவனைக்கு உகந்ததென்ற சான்றிதழ் உண்டா என்று பாருங்கள். காகிதம் இல்லையென்றால் இருக்கும் மாடிகளுக்கு மட்டுமே விலை பேசுங்கள். மலைநாட்டுப் பகுதியென்றால் மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்க வேண்டும்.

மேலே சொன்னவை சந்தேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பட்டயம் பெற்ற பொறியியலாளர். விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இல்லாமல் நீங்களே ஒருவரைத் தெரிவு செய்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை வீட்டு விலையோடு பார்த்தால் சொற்பம். குறை சிறியதென்றால் திருத்தச் செலவை விலையில் கழிக்கலாம். குறை பெரியதென்றால் விலகிக்கொள்ளலாம். இரண்டுக்கும் முற்பணம் இன்னும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.