ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்!
அமெரிக்காவின் பயில்வான் கார்கள்

1964-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் ஒரு கார் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் போன்டியாக் ஜி.டி.ஓ. பார்ப்பதற்கு நடுத்தர அளவுள்ள சாதாரணக் கார்தான். ஆனால் மூடியைத் திறந்தால், உள்ளே இருந்ததோ பெரிய காருக்கு உரிய எஞ்சின்! அதன் பலம் 325 குதிரை சக்தி.

இளைஞர்கள் மயங்கினார்கள். மற்றக் கம்பெனிகளும் போட்டியில் குதித்தன. இப்படிப்பட்ட கார்களுக்கு "மஸில் கார்" என்று பெயர் வந்தது. அதாவது, பயில்வான் கார்!

1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் வந்தன. பயில்வான்கள் இளைத்துப் போனார்கள். ஆனாலும் அந்தப் பழைய கார்களைப் பலர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பந்தயத்துக்காக மட்டும் அல்ல. கடைக்குப் போகிறார்கள், குடும்பத்தோடு ஊருக்கும் போகிறார்கள்.

அவர்களுக்கு ஓர் ஆசை. "எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றினால் என்ன?" என்பதுதான் அது. ஆசை நல்லதுதான். ஆனால் எதை முதலில் மாற்றுவது? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

காற்றுக் கணக்கு

1967-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ காரை எடுத்துக்கொள்வோம். அதில் 350 கன அங்குல எஞ்சின் வைத்த மாடல் உண்டு. அதற்கு 295 குதிரை சக்தி என்று கம்பெனி சொன்னது. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து அளந்தார்கள். காரில் பூட்டிய நிலையில் உள்ளதுபோல் அளந்து சொல்லும் வழக்கம் 1972-ல்தான் வந்தது. ஆகவே பழைய எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 350 கன அங்குலக் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றினாலும், அதற்கு வேண்டிய காற்று சுமார் 557 கன அடிதான். 600 கன அடி கார்புரேட்டரே தாராளம். "பெரியது நல்லது" என்று அளவுக்கு மீறி வாங்கினால், மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் திக்கும். பணமும் வீண்.

கேம் ஷாப்டில் உள்ள ஆபத்து

வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம் ஷாப்ட். பந்தயக் கேம் ஷாப்டைப் போட்டால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். உயர்ந்த வேகத்தில் பலம் கூடும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்கும்.

அது மட்டுமா? எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்புச் சக்தி குறைந்துவிடும். அந்த இழுப்புச் சக்தியைக் கொண்டுதான் பவர் பிரேக் வேலை செய்கிறது. அது குறைந்தால், பிரேக்கைக் காலால் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். ஓட வைக்கப் போட்ட சாமான், நிற்க வைக்கும் சாமானைக் கெடுக்கிறது! தெருவில் ஓட்டும் காருக்கு மிதமான கேம் ஷாப்டே ஏற்றது.

பல் சக்கரத்தின் வித்தை

எஞ்சினின் பலம் கியர் பெட்டி வழியாகப் பின் அச்சுக்குப் போகிறது. பின் அச்சில் 3.73 விகிதப் பல் சக்கரம் போட்டால் கார் பாய்ந்து கிளம்பும். ஆனால் 26 அங்குல உயர டயரில் மணிக்கு 70 மைல் போகும்போது, பழைய மூன்று கியர் பெட்டியில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,370 சுற்றுச் சுற்றும். சத்தமும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம்.

இதற்கு ஒரு வழி உண்டு. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியைக் கொண்டு வந்தது. அதன் கடைசிக் கியரின் விகிதம் 0.70. அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 2,360 சுற்றுச் சுற்றினால் போதும். முதல் கியரின் விகிதம் 3.06. அதனால் கிளம்பும்போதும் குறை இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு 11 மடங்குக்கு மேல் பெருகிப் பின் அச்சைத் தாக்கும். கயிறு எங்கே நைந்திருக்கிறதோ, அங்கேதான் அறும். அச்சு பழையதாக இருந்தால் அதுதான் முதலில் முறியும்.

முதலில் எது?

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டபின் கார் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 1967 கமாரோவில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் வழக்கமாகக் கிடைத்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிரம் பிரேக் அடுத்தடுத்துப் போட்டால் சூடேறிப் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிரேக் சீக்கிரம் ஆறிவிடும்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கும் டயருக்கும். அடுத்தது ரேடியேட்டர். மூன்றாவது பின் அச்சும் கியர் பெட்டியும். எஞ்சினுக்குக் கடைசி இடம்தான்.

எஞ்சினில் செலவு செய்தால் நண்பர்கள் கை தட்டுவார்கள். பிரேக்கில் செலவு செய்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடி வரும்போது, காப்பாற்றப் போவது குதிரை சக்தி அல்ல, பிரேக்தான்!

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். பயில்வான் காருக்கும் அது பொருந்தும்.