பின் டயர் அகலமானால் காருக்கு என்ன ஆகும்?

"அக்கா, பின்னால மட்டும் 205 போடலாம்னு இருக்கேன். பார்க்க கெத்தா இருக்கும்ல?"

1.5 லிட்டர் மைவி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத என் சித்தி மகன் கேட்டான். அந்தக் காரின் நான்கு சக்கரத்திலும் 185/55 ஆர்15 டயர். முதல் எண்தான் டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

இந்த ஆசைக்குப் போர்ஷே 911 போன்ற கார்களும் ஒரு காரணம். 911-க்கு எஞ்சின் பின்னால். வளைவில் அந்தப் பாரம் காரின் வாலை வெளியே தள்ளும். அதனால் 1973 கரேரா ஆர்எஸ் 2.7-இல் முன்னால் 185, பின்னால் 215 டயர் மாட்டினார்கள். அழகுக்காக அல்ல, வாலை அடக்க.

மைவியில் எல்லாம் தலைகீழ். எஞ்சின் முன்னால். காரை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள்தான். பிரேக் போட்டால் பாரமும் அங்கேதான் இறங்கும். பின்பக்கப் பிடியை மட்டும் கூட்டினால், வளைவில் முன் டயர்தான் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போகப் பார்க்கும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். இதைக் குறைக்கத்தான் 2021-இல் வந்த ஆவ்டி ஆர்எஸ்3-க்கு முன்னால் 265, பின்னால் 245!

"அப்போ நானும் முன்னால அகலமா போட்டுடவா?"

அதுவும் வேண்டாம். பிறகு வால் முதலில் வழுக்கும், அது ஓவர்ஸ்டியர். பயந்தால் நாம் எல்லாரும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுப்போம். அண்டர்ஸ்டியரில் அது உதவும். ஓவர்ஸ்டியரில் பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரம் இன்னும் லேசாகி, கார் சுழன்றே போகலாம். குடும்பக் கார்களைக் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் பக்கமாகவே தயாரிப்பது இதனால்தான்.

அகலம் ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் இதே வேலையைச் செய்யும். முன் டயர் சீக்கிரம் தேய்கிறதே என்று நானும் ஒருமுறை புதிய இரண்டையும் முன்னால் மாட்டினேன். தீபாவளி சமயம், கராக் நெடுஞ்சாலை, நல்ல மழை. ஒரு வளைவில் வால் விலகியது. ஒரு நொடிதான். பின் சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தேய்ந்த பின் டயர்களின் பள்ளங்களால் தண்ணீரை வெளியேற்ற முடியவில்லை.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஓரளவு நல்ல பழையது முன்னால் வரட்டும்.

தம்பி 205-ஐ மறந்துவிட்டான். இப்போது ரிம்முக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்கிறான்.