மலைவளம் காண்டல்

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, சித்திரையும் வைகாசியும் கூடிய பருவத்தை இளவேனில் என்றனர். அப்பருவத்தில் சமவெளியில் வாழ்வோர் மலையை நாடுதல் இயல்பு. சென்னையை அடுத்த குன்றத்தூரில் முருகன் கோயில் கொண்ட சிறு குன்றின் 84 படிகளை ஏறி நிற்பவர்க்கே காற்றின் வேறுபாடு புலனாகும். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலத்தின் தண்மையைக் கூறவும் வேண்டுமோ?

மலைக்காட்சியை விரும்பிச் செல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சேரன் செங்குட்டுவன் தன் தேவியோடும் சுற்றத்தோடும் மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றங்கரையில் தங்கினான் எனச் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதை கூறுகின்றது. மலைவாழ் மக்கள் யானைக் கோடும் அகிலும் தேனும் சந்தனமும் சுமந்து வந்து அரசனைக் கண்டனர். வேங்கை மரநிழலில் நின்ற ஒரு நங்கை விண்ணுலகு சென்ற வியப்பையும் உரைத்தனர். அவளுக்காக அவர்கள் ஆடிய கூத்தே குன்றக்குரவை. அம்மக்களின் சொல்லுக்கு அரசன் செவி கொடாதிருந்தால், கண்ணகிக்குக் கல் எடுக்க அவன் வடநாடு சென்றிருப்பானா? மலையைக் காணச் சென்றவன் மலைமக்களையும் கேட்டான். அதுவே அவன் பயணத்தின் பயன்.

இந்நாளில் நீலகிரிக்குச் செல்வோர்க்கு வழிகள் பல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஒரு சாலையும், கோத்தகிரி வழியாக மற்றொரு சாலையும் மேலேறுகின்றன. மசினகுடிப் பக்கத்துக் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 1899 இல் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகை வரையிலும் அமைந்த மலை இருப்புப்பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது. செங்குத்தான இடங்களில் சக்கரம் வழுக்காதவாறு, தண்டவாளங்களின் நடுவே பற்கள் அமைந்த சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. பொறியின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுகின்றது. 2005 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மே மாதத்தில் அங்குக் கோடை விழா நடைபெறும். 1848 இல் தோற்றுவிக்கப்பட்ட உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சியும், குன்னூர்ச் சிம்சு பூங்காவில் பழக்காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக்காட்சியும் அமைக்கப்படும். மலர்க்காட்சி 1896 இல் தொடங்கியது. சாலையோரங்களில் ஊதா நிற ஜகரண்டா மலர்கள் உதிர்ந்து பாய்போல் பரந்திருக்கும்.

ஆயினும், மலையின் அழகு மலரோடு முடிவதன்று. தோடர் இனப் பெண்டிர், வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகிய நூல்களால் இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்வர். அச்சிட்ட வடிவம் எதனையும் முன்வைத்துக்கொள்ளாமல் நினைவினாலேயே அவர்கள் இழைக்கும் அவ்வேலைக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர் இன ஆடவர் இரும்புத் தொழிலிலும், பெண்டிர் மட்பாண்டம் வனைதலிலும் வல்லவர். முன்னாளில் கோத்தர் கருவிகளும் கலங்களும் இசையும் அளித்தனர். படகர் தானியமும், தோடர் நெய்யும் கைம்மாறாகத் தந்தனர். ஒருவர் கலை மற்றவர் வாழ்வுக்கு வேண்டியதாயிற்று. அம்முறை இன்று வழக்கொழிந்தது. கலையைக் காண வருவோர் அதன் பொருளை அறியாது, படம் எடுத்துக்கொண்டு அகல்வாராயின், அக்கலை வெறுங்காட்சியாய்க் குறுகிவிடும்.

மற்றொரு கவலையும் உண்டு. ஒரே பருவத்தில் எண்ணற்ற வண்டிகள் ஏறுவதால், மலைச்சாலை அடைபடும், தண்ணீர் தட்டுப்படும், குப்பை காட்டில் சேரும். ஆதலின் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இணையவழி நுழைவுச்சீட்டுப் பெறும் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளும் என அளவு வகுக்கப்பட்டது. விருந்தினர் மிகுந்து இல்லத்தார் துன்புறுதல் முறையன்று அன்றோ?

மாணவர்களே, நீங்களும் ஒருநாள் மலைவளம் காணச் செல்வீர்கள். அங்கு வாழ்வோரிடம் அவர்தம் மொழியையும் தொழிலையும் வினவி அறியுங்கள். கைவினைப் பொருளை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மலை நமக்குப் பொழுதுபோக்கும் இடம். அவர்களுக்கோ பிறந்து வாழும் வீடு.