யாரும் ஒலிபரப்பாத வானொலி

முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக்கொண்டே அத்தை கேட்டார்: "ஏன் கண்ணு, இதை எந்த ஸ்டேசன்ல போடறாங்க?"

பொள்ளாச்சியில் அத்தை வீட்டுச் சமையலறை. அவர் போனில் பாட்காஸ்ட் ஆப் ஒன்றை ஏற்றி, தமிழில் வரலாறு பேசும் நிகழ்ச்சி ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்தொடர்வதற்கான பொத்தானை அழுத்திக் கொடுத்திருந்தேன். பாட்காஸ்ட் கேட்க ஆரம்பிப்பவருக்கு வேலை இவ்வளவுதான். காசும் கேட்கவில்லை.

"எந்த ஸ்டேசனும் இல்லீங்க அத்தை. யாரும் ஒலிபரப்பறதே இல்லை."

"அப்புறம் எப்படிப் பேசுது?"

நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒலிச்சித்திரத்துக்காக அடுப்படி வேலையை அவசரமாக முடித்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்த தலைமுறை அவருடையது. நேரம் தவறினால் போனது போனதுதான்.

பாட்காஸ்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பட்டியல். நிகழ்ச்சி நடத்துபவர் தன் பேச்சைப் பதிவுசெய்து இணையத்தில் ஏதோ ஒரு கணினியில் போட்டுவைக்கிறார். கூடவே, வெறும் எழுத்துகளால் ஆன ஒரு சின்னக் கோப்பை, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி ஒரு முகவரியில் வைக்கிறார். ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பது அதுதான். திறந்து பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்: நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு, வெளியான தேதி, நாலு வரி விளக்கம். அதன் கீழே 'என்க்ளோஷர்' என்று ஒரு வரி. கடிதத்தின் அடியில் 'இணைப்பு' என்று எழுதுவோமே, அதே பொருள். அந்த வரியில் மூன்றே விவரங்கள்: ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அது எத்தனை பைட், என்ன வகைக் கோப்பு.

நான் பொத்தானை அழுத்தியபோது ஆப் இந்தப் பட்டியலின் முகவரியைக் குறித்துக்கொண்டது. இனி அவ்வப்போது போய் எட்டிப் பார்க்கும். புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தால் சொல்லும். அனுமதி கொடுத்திருந்தால் வைஃபை கிடைத்ததும் தானே இறக்கி வைத்துவிடும். கடைக்காரர் யார் வீட்டுக்கும் கொண்டுவந்து போடுவதில்லை. நம் வீட்டுப் பையன்தான் போய்ப் "புதுசு வந்திருக்கா" என்று கேட்டுவருகிறான்.

இந்த யோசனை பிறந்ததே இணையம் நத்தையாக ஊர்ந்த காலத்தில். பாட்டோ பேச்சோ, சொடுக்கிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். எம்டிவி இசைச் சேனலில் நிகழ்ச்சி வழங்கிய ஆடம் கரி, மென்பொருள் எழுதும் டேவ் வைனரிடம் சொன்னது எளிய விஷயம்: ஆள் தூங்கும்போது கணினி இறக்கி வைக்கட்டும், காலையில் தயாராக இருந்தால் காத்திருப்பே இல்லையே. 2000 டிசம்பரில் வைனர் ஆர்எஸ்எஸ்ஸில் அந்த இணைப்பு வரியைச் சேர்த்தார். ஆனால் பரவலாக யாரும் சீந்தவில்லை. 2003-இல்தான் அமெரிக்க வானொலிக்காரர் கிறிஸ்டோபர் லைடன் எடுத்த நேர்காணல்கள் இந்த வழியில் வரத் தொடங்கின. அப்போதும் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. 2004 பிப்ரவரியில் 'தி கார்டியன்' இதழில் பென் ஹாமர்ஸ்லி, இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டு மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்தார். அவற்றில் 'பாட்காஸ்டிங்' மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான 'ஐபாட்' பாதி, 'பிராட்காஸ்ட்' பாதி. ஐபாட் விற்பனையை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது; பிராட்காஸ்ட், அதாவது ஒலிபரப்பு, தொடக்கத்திலிருந்தே இல்லை. பெயரின் இரண்டு பாதியும் பொய்!

"ஒரு மணி நேரப் பேச்சு இந்த போனுக்குள்ள எங்க கொள்ளும்?" என்றார் அத்தை. அப்படியே வைத்தால் இடத்தை அடைக்கும்தான். சிடி தரத்தில் வைத்தால் நொடிக்கு 44,100 முறை, இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலியை அளந்து எழுத வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் ஆகிவிடும். பேச்சுக்குப் போதுமான, நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-யில் அதுவே 29 மெகாபைட்டுக்குள் அடங்குகிறது. மீதி எங்கே போயிற்று? நம் காதுக்கு எட்டாதவற்றைப் பார்த்து எறிந்துவிடுகிறார்கள். மிக்ஸி ஓடும்போது பக்கத்து அடுப்பில் கடுகு வெடிப்பது கேட்காது. பலத்த ஒலி, அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலியை மூடிவிடும். கேட்காத கடுகை எதற்குச் சுமப்பது? ஜெர்மனியின் எர்லாங்கனில் இருந்த ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் காதின் இந்தப் பலவீனத்தைக் கணக்காக்கியதில் பெரும்பங்கு வகித்தவர்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பிரமிப்பு, வேகத்தைக் கூட்டும் பொத்தான். அந்தக் காலத்து டேப்பை வேகமாக ஓடவிட்டால் பெரிய மனிதர்கூட அணில்போலக் கீச்சிடுவார். பெண் குரலில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன என்று வையுங்கள். டேப் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடினால் 300 ஆகிவிடும், அதனால்தான் கீச்சு. ஆப் வேறு தந்திரம் செய்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடிக்கும் 'ஆ' ஒன்றில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி அலை இருபது முறை வருகிறது. அதே ஒன்றரை மடங்கு வேகத்துக்கு அதில் ஏழு அலையை உருவிவிட்டு, மிச்சப் பதின்மூன்றை அலையோடு அலை பொருந்தும் இடமாகப் பார்த்து ஒட்டுகிறது. ஒலி சுருங்கியது; ஆனால் அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறவில்லை. அதனால் குரல் அதே குரல்.

தமிழுக்கு இதில் ஒரு சந்தேகம் வரலாம். நெடிலைச் சுருக்கினால் குறிலாகிவிடாதா? பாடம் படம் ஆனால் வம்பாயிற்றே. ஆகாது. குறிலும் அதே அளவில் சுருங்குகிறது. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று இலக்கணம் சொன்ன விகிதம் அப்படியே இருக்க, காது பிடித்துக்கொள்வது அந்த விகிதத்தைத்தான். ஒன்றேகால் மடங்கில் ஆரம்பியுங்கள். இரண்டு மடங்கில் கேட்பவர்களையும் பார்க்கிறேன். அது கேட்பதா, கடமையைக் கழிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இது யாருது?" அத்தை விடவில்லை.

பட்டியல், நிகழ்ச்சி நடத்துபவருடையது. ஆப் வெறும் எட்டிப் பார்க்கும் பையன். பிடிக்காவிட்டால் பையனை மாற்றலாம். ஆன்டெனாபாட் போன்ற இலவச ஆப்பும் அதே முகவரிக்குத்தான் போகிறது. 'எங்கள் ஆப்பில் மட்டும்' என்று கதவைச் சாத்திக்கொண்டு வரும் நிகழ்ச்சி நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதைப் பாட்காஸ்ட் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

போன மாதம் எல்லோருமாக வால்பாறைக்குப் போனோம். ஆழியாரைத் தாண்டி வண்டி ஏற ஏற, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சிக்னல் ஒரு கோடாகக் குறைந்து, கடைசியில் எல்லோர் போனும் ஊமையானது. நான் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ பாதியில் வட்டம் சுற்றியது. பின் இருக்கையில் அத்தை காதில் இயர்போனோடு ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி அவர் தூங்கும்போது இறங்கிய மூன்று பகுதிகளில் இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

"சிக்னல் இல்லைங்களே அத்தை," என்றேன்.

"அதுக்கென்ன," என்று ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டார். "பையன் நேத்தே போயிட்டு வந்துட்டான்."