தீவுக்குள் ஒரு கடைவீதி: இராமேஸ்வரம் சொல்லும் பாடம்



குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு சீசன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாரல் விழுந்தால் வியாபாரம். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். வந்து போகிற ஜனங்களை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது. இதே நிலையில் உள்ள இன்னொரு ஊர் இராமேஸ்வரம். நமக்கு மூன்று பக்கம் வழி உண்டு. அவர்களுக்கு நான்கு பக்கமும் கடல். அந்தத் தீவு நகராட்சியின் கதையை வியாபாரியின் கண்ணால் பார்த்தால் நமக்கும் உபயோகப்படும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு டிக்கெட்டில் கொழும்பு

1914-க்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்கு ரயிலில் வந்து கப்பல் ஏற வேண்டும். 1914 பிப்ரவரி 24-ம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடல்மேல் சுமார் 2 கிலோமீட்டர் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும். அதன் பிறகு சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் கடந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம்.

நம் திருநெல்வேலிச் சீமையிலும் இராமநாதபுரத்திலும் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு இந்த வழி வீட்டு வாசல் போல இருந்தது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. மனிதர்களும் மூட்டைகளும் இறங்கி ஏறும் இடத்தில் கடை தானாக முளைக்கும் அல்லவா?

புளியங்கொட்டையும் வியாபாரமே

அந்தத் தீவில் 1931-ல் பிறந்தவர்தான் நம் முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாம். அவருடைய தகப்பனார் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு வைத்திருந்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்ததாம். சிறுவன் கலாம் அதைப் பொறுக்கிக்கொண்டு போய் மளிகைக் கடையில் போட்டு நாளுக்கு ஓர் அணா வாங்கியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யாரும் தூக்கி எறியும் பொருளுக்கும் ஒரு காலத்தில் விலை வரும் என்பது மளிகைக்காரனுக்குப் புதிதல்ல. ஆனாலும் அதைக் கவனித்து எடைபோட்டு வாங்க ஒரு கடைக்காரர் அந்தத் தீவில் இருந்தாரே, அதுதான் விஷயம்.

ஒரே ராத்திரி

1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வீசிய புயல் எல்லாவற்றையும் கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. நேற்று வரை கல்லாவில் சில்லறை எண்ணியவர்கள் மறுநாள் நிவாரண வரிசையில் நின்றார்கள்.

உடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் 46 நாளில் சரிசெய்து ரயிலை ஓடவிட்டார். ஆனால் தனுஷ்கோடி திரும்பவில்லை. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. இலங்கையில் கலவரமும் போரும் மூண்டபின் 1980-களில் அதுவும் நின்றது. இடத்தைப் புயல் அழித்தது, வழியை அரசியல் அடைத்தது.

1988 அக்டோபர் 2-ம் தேதி சாலைப் பாலம் திறக்கும் வரை 74 வருஷம் அந்தத் தீவுக்கு ரயில் பாலம் ஒன்றே தரைவழி. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பழைய ரயில் பாலம் பழுதாகி 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கும் வரை இரண்டே கால் வருஷம் ரயில் தீவுக்குள் போகவில்லை. அப்போது ஒரு தை அமாவாசைக்கு நான் போயிருந்தேன். பழகிய மளிகைக்காரர் ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, காரில வாரவன் சாமி கும்பிட்டு அன்னைக்கே திரும்பிருதான். ரயில்ல வாரவன்தான் ஒரு ராத்திரி தங்கி நம்ம கடைப்பக்கம் வருவான்." சாலை இருந்தும் பாதி வியாபாரம் போயிற்று என்பது அவர் கணக்கு.

வடகடலில் ஒரு சின்னத் தீவு

நார்வே நாட்டின் வடக்கே லோஃபோடென் தீவுகளின் கடைக்கோடியில் ரோஸ்ட் என்று ஒரு தீவு உண்டு. சுமார் ஐந்நூறு பேர்தான். அதற்கும் தனி நகராட்சி. 1432-ல் பியத்ரோ குவெரினி என்ற வெனிஸ் நகரத்து வணிகர், ஒயின் முதலிய சரக்கு ஏற்றிய கப்பலைப் புயலில் பறிகொடுத்து, மிஞ்சிய ஆட்களோடு அங்கே கரை ஒதுங்கினார். தீவு ஜனங்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். அவர்கள் காட் மீனை உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவைப்பதை அவர் பார்த்தார். ஊர் திரும்பும்போது அந்தக் கருவாட்டையும் கொண்டுபோனார். இன்றும் அதற்குப் பெரிய சந்தை இத்தாலிதான். சரக்கை இழந்தவர் புதுச் சரக்கோடு வீடு திரும்பினார். அறுநூறு வருஷம் போயும் அந்தத் தீவுக்கு வாங்குகிறவன் இருக்கிறான். போகிற வழியும் அடைபடவில்லை. இராமேஸ்வரத்துக்கும் ரோஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நமக்கு என்ன?

செங்கோட்டை – புனலூர் ரயில் 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நின்று 2018-ல்தான் மறுபடி ஓடியது. எட்டு வருஷம் கொல்லம் பக்கத்துக் கூட்டம் எப்படிக் குறைந்தது என்பதை நாம் அனுபவித்தோம். ஆகவே ஒரு வழியை, ஒரு சீசனை, ஒரே வகை வாடிக்கையாளரை மட்டும் நம்பிக் கடை நடத்தக் கூடாது.

இரண்டாவது, கடன். இராமேஸ்வரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மீனவர் வீட்டு அடுப்பு எரிவது மளிகைக்காரரின் கணக்கு நோட்டால். எத்தனை நாள் கடன், எவ்வளவு வரை என்று முன்கூட்டியே வரம்பு போட்டுக் கொடுக்கிறவர் நிலைக்கிறார். நம் ஊரில் சீசன் முடிந்ததும் வரம்பில்லாமல் கொடுத்துவிட்டு அடுத்த ஆனி வரை காத்திருக்கிறோம்.

மூன்றாவது, இன்சூரன்ஸ். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனை கடைகளில் தண்ணீர் புகுந்தது! நான் அனுப்பிய பருப்பு மூட்டைகளும் ஒருவர் கிட்டங்கியில் ஊறிப் போயின. அவரிடம் பில் இருந்தது, இன்சூரன்ஸ் இல்லை. நொடித்தவரை நெருக்க மனம் வராமல் பாதியைத் தள்ளுபடி செய்தேன். வருஷப் பிரீமியத்தை மிச்சம் பிடித்தது அவர். நஷ்டம் இரண்டு பேருக்கும். அன்று முதல் என் கிட்டங்கிச் சரக்குக்கு வெள்ளமும் சேர்த்துப் பாலிசி எடுத்திருக்கிறேன். பாலிசித் தாளில் 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

தனுஷ்கோடியில் இன்று இடிந்த சுவர்களுக்கு நடுவே ஓலைக் கொட்டகைகளில் சங்கும் பாசிமாலையும் விற்கிறார்கள். ஊர் போனாலும் கடை போகவில்லை. அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும், அதோடு கொஞ்சம் முன்னெச்சரிக்கையும் வேண்டும்.