‘கால் ஆஃப்’னு மெயில் வந்தா ஆர்டர் ரத்தா?

‘‘மேனேஜர்கிட்ட என்னையப் போட்டுக் குடுத்துட்டானுங்க!’’ பீளமேடு டீக்கடையில் இப்படி ஒரு புலம்பல் கேட்டால் நமக்குச் சட்டென்று புரியும். ஆனால், தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் அகராதியில் ‘போடு’, ‘கொடு’ இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் ஒன்றும் விளங்காது. சேர்ந்தால்தான் ‘காட்டிக் கொடுத்தான்’ என்ற அர்த்தம் வரும். (அட, ‘காட்டிக் கொடு’வும் இதே கதைதான்!)

ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான். வினைச்சொல்லோடு அப், அவுட், ஆஃப் என ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே புரட்டிப்போட்டுவிடும்.

மழையால் மேட்ச் நாளைக்குத் தள்ளிப்போனால் ‘புட் ஆஃப்’. இனி நடக்கவே நடக்காது என்றால் ‘கால் ஆஃப்’. இது பலருக்கும் தெரியும். சிக்கல் ஏற்றுமதி மெயிலில்தான் வரும்.

கோவை ஃபவுண்டரி ஒன்றிடம் பிரிட்டன் நிறுவனம் வருடத்துக்கு 10,000 வார்ப்புகள் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தமும் ஒரே தடவையில் வேண்டாம். தேவைப்படும்போது, ‘அதில் 800 இப்போ அனுப்புங்க’ என்று கேட்பார்கள். கொள்முதல் மொழியில் இதற்கும் ‘கால் ஆஃப்’ என்றுதான் பெயர்! ‘வீ வான்ட் டு கால் ஆஃப் 800 பீசஸ்’ என்ற மெயிலைப் பார்த்து, ரத்து என்று நினைத்து வேலையை நிறுத்தினால் முடிஞ்சுது சோலி. எண்ணிக்கையோடு டெலிவரி தேதியும் இருந்தால், பெரும்பாலும் சரக்கை அனுப்பச் சொல்கிறார்கள். சந்தேகமா? ‘டெலிவரியா, கேன்சலா?’ என்று ஒரு வரி பதில் போட்டுக் கேட்டுடுங்க. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

அடுத்தது நம்ம ஊர் ரெஸ்யூமே. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்பது இந்திய ஆங்கிலத்தில் சர்வ சாதாரணம். பிரிட்டனிலும் ராணுவப் பயிற்சி முடித்தால் ‘பாஸிங் அவுட் பரேடு’ உண்டு. ஆனால், அமெரிக்க ஹெச்.ஆர். காதில் அது ‘2019இல் மயங்கி விழுந்தேன்’ என்றுதான் விழும். ‘கிராஜுவேட்டட்’ என்றே எழுதிடுங்க.

அரசு அலுவலகங்களில் புழங்கும் ‘புட் அப் தி ஃபைல்’ தெரியும்தானே? கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பது. அதில் மறந்தும் ‘வித்’ சேர்த்துடாதீங்க. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. ‘கோப்பை வச்சுட்டேன் சார்’ என்று சொல்ல நினைத்து, ‘கோப்பைச் சகிச்சுக்கிட்டேன் சார்’ என்று சொன்னதாகிவிடும்.